நாகம்மாவின் இரண்டாவது ஆபரேஷன்

தெள்ளாரில் பெரிய மகள் வீட்டில் பேரனுக்குக் காது குத்தல். முதல் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். ஆரணி பஸ்ஸை விட்டு இறங்கிய எங்கள் தெருக்காரர் ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே என்னிடம் வந்தார். "நாகம்மா போயிட்டாங்க" என்றார். காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாளாம். சொம்பு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

பந்தலில் ஆரணிப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருத்தி மெதுவாக, "அதுலயா?" என்று கேட்டாள். "பின்ன இன்னா, ரெண்டு தபா அறுத்த ஒடம்பு" என்றாள் இன்னொருத்தி. இலை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி அலமேலு நிமிர்ந்தாள். "அதுல இல்ல. மாரடைப்பு. அது அவகிட்டத் தோத்துப் போயி பல வருஷம் ஆவுது" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மகளையும் கூப்பிட்டாள். மூன்று பேரும் அடுத்த பஸ் ஏறினோம்.

நாகம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததும், அவள் வேலூர் போய் அறுத்துக்கொண்டு திரும்பியதும் ஆரணி நெசவுத் தெருக்கள் எல்லாம் அறிந்த கதை. முழுசாக அறியாதது ஒன்று இருக்கிறது. அதை நாகம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில் சொல்லச் சொல்லி அலமேலு கேட்டாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதி, அன்று பந்தலில் படிக்கப் போகிறவர் நம் நெசவாளர் சங்கத்துத் தம்பி. பேச்சைத் திருத்தாதே, வாக்கியத்தை மட்டும் திருத்து என்று சொல்லியிருக்கிறேன்.

நாகம்மாவின் புருஷன் ஏகாம்பரம் எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு தறிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவன் வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து இவள் பேசுவாள். தெரு நீளத்துக்குப் பாவு விரித்து, இழை தளராமல் இழுத்துப் பிடிக்கிற வேலையில் தலைமாட்டில் நிற்பவள் நாகம்மாதான். குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள் என்றால் பாவு வீணைத் தந்தி மாதிரி நிற்கும். ஒருநாள் ரைஸ் மில் லாரி ஒன்று வழி தெரியாமல் எங்கள் தெருவுக்குள் வந்து ஹாரன் அடித்தது. "நெல்லு மூட்டை வெயில்ல காயுதும்மா" என்று டிரைவர் கத்தினார். நாகம்மா பாவை விடாமல் சொன்னாள்: "காயட்டுமே. ஈர நெல்லுன்னு மில்லுக்காரரு வெலைய கொறைக்க மாட்டாரு. சும்மாதான நிக்கற, எறங்கி வந்து அந்த மொனைய பிடி." டிரைவர் இறங்கி வந்து பிடித்தார். அப்படிப்பட்ட குரல் அது.

இனி எங்கள் தொழிலில் இருந்த ஒரு நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்தால், நெய்த சேலையைச் சுருட்டுகிற படமரம் நமக்கு முன்னால் குறுக்கே இருக்கும். அறுந்த இழையைப் பிணைக்கக் குனியும்போது உடம்பு அதில் சாயும். அதனால் தறியில் உட்காரும் பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்தால், "மரம் இடிச்சிடுச்சி" என்பார்கள். நோய் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். இனிமேல் இடிக்காமல் இருக்கப் பழஞ்சேலையைக் கிழித்து மரத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். எந்த வீட்டுப் படமரத்தில் துணி சுற்றியிருக்கிறதோ அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கட்டி என்று பார்த்தவர்களுக்குப் புரியும். யாரும் கேட்க மாட்டார்கள். சில வீடுகளில் அடுத்த வருஷம் அந்தத் தறியில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும். அப்போதும் நாங்கள் மரத்தைத்தான் திட்டினோம்.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த காலம். இடுப்பு வலி என்று நாகம்மா தறியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலே ஆகியிருந்தது. பாவு வேலை மட்டும் பார்த்தாள். ஒருநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்து, அலமேலுவும் நானும் இருக்கும்போதே கேட்டாள்.

"அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். தறியிலயே உக்காராதவள மரம் எப்படி இடிக்கும்?"

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"குளிக்கும்போது பாத்தேன். இடது பக்கம் கொட்டைப்பாக்கு கணக்கா ஒண்ணு கீது. மாமியார்கிட்ட சொன்னேன். மரம் இடிச்சிருக்கும், பத்து போடுன்றாங்க. எந்த மரம்? வேப்பமரமா?"

ஒரு பெண் தன் மார்பைப் பற்றி இன்னொருத்தி புருஷனிடம் இப்படி நேருக்கு நேர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. எனக்குத்தான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வேலூரு ஆஸ்பத்திரி வழி உங்களுக்குத் தெரியும். எங்க ஊட்டுக்காரு பஸ்ஸுக்கே பயப்படுவாரு. கூட வாங்க, அது போதும்" என்றாள்.

போனோம். ஏகாம்பரமும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே நடந்ததை அவளே பிறகு டாக்டரம்மா குரலிலும் தன் குரலிலுமாக நடித்துக் காட்டினாள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, "வலிக்குதாம்மா?" என்றாராம். "வலி இல்லீங்க. வலிக்காத கட்டிக்கு வந்து உங்க நேரத்த பாழ் பண்ணிகினு கீறேனோன்னு பயம்" என்றாளாம் இவள். அதற்கு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொன்னாராம்: "வலி இல்லைன்னுதான் எல்லாரும் வீட்டுலயே இருந்துடறாங்க. வலிச்சப்புறம் வர்றாங்க. அப்ப எங்களால செய்ய முடியறது கொஞ்சம்தான். நீங்க நேரத்தோட வந்துட்டீங்க. எடுத்துட்டா பிழைச்சுக்கலாம்."

நாகம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எடுத்தா கை பாவு இழுக்குமா?" கொஞ்ச நாள் கனக்கும், சொல்கிற பயிற்சியைச் செய்தால் இழுக்கும் என்றார் டாக்டரம்மா. "அப்ப எடுத்துடுங்க."

அந்த மார்பை எடுத்தார்கள். பிறகு பல வாரம் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர் சிகிச்சை. ஊர் திரும்பியவளைப் பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, "பொம்பளைக்கு அது போச்சுன்னா இன்னாடி மிச்சம்?" என்றாள். நாகம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மீதி மொத்தமும் மிச்சம்" என்றாள். ஜாக்கெட்டுக்குள் ஒரு சின்னத் துணிப்பை தைத்து, தறியில் விழுகிற பட்டுக் கழிவை அதில் அடைத்து வைத்துக்கொண்டாள். "ஆரணியில எத்தினியோ பணக்காரி கீறா. பட்டுல நெஞ்சு வெச்சிருக்கறவ நான் ஒருத்திதான்" என்பாள்.

அதன் பிறகு அவள் செய்தது பெண்களாகிய உங்களுக்கே தெரியும். யாராவது கட்டி என்று காதோடு சொன்னால் தன் வீட்டுக் குளியல் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், தழும்பைக் காட்டுவாள். "பாத்துக்கோ. இவ்ளோதான். இதுக்குத்தான் எல்லாரும் பயந்து சாவறோம்" என்பாள். அவள் அடிக்கடி சொல்கிற பேச்சு ஒன்று உண்டு: "வலி ஒரு சோம்பேறி. எல்லா வேலையும் முடிஞ்சப்புறம்தான் வரும். அதுக்காகக் காத்துகினு இருக்காத."

இப்போது நீங்கள் முழுசாக அறியாததுக்கு வருகிறேன்.

நாகம்மாவின் ஆபரேஷன் நடந்து சில வருஷம் கழித்து, பெரிய மகளுக்குத் தெள்ளாரில் சம்பந்தம் முடிந்தது. ஆவணியில் முகூர்த்தம். சித்திரை மாதம் ஒரு மத்தியானம், என் தறிக்கு எதிரில் இருக்கும் அலமேலுவின் தறியைத் தற்செயலாகப் பார்த்தேன். படமரத்தில் பழஞ்சேலை சுற்றியிருந்தது.

தறியை நிறுத்தினேன். கூப்பிட்டுக் கேட்டேன். "மரம் லேசா இடிச்சுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். விடாமல் கேட்டபோது சொன்னாள்: "தை மாசத்துலருந்து கீது. இப்ப இதை வெளிய சொன்னா பையன் ஊட்டுல இன்னா சொல்லுவாங்க? தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமுன்னு கல்யாணத்தை நிறுத்துவாங்க. ஆவணி முடியட்டும். அப்பறம் வேலூரு இன்னா, பட்டணத்துக்கே வரேன்."

நான் நாகம்மாவிடம் போனேன். அவள் வந்தாள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணி, தறியில உக்காருங்க" என்றாள். அலமேலு உட்கார்ந்தாள். "இழை அறுந்தா எப்படி குனிவீங்களோ அப்படி குனிங்க." குனிந்தாள். "மரம் எங்க படுது?" அலமேலு வயிற்றுக்கு மேலே, விலா எலும்பு முடிகிற இடத்தில் கையை வைத்தாள். "கட்டி எங்க கீது?"

அலமேலுவின் கை மெதுவாக மேலே போய் அக்குளுக்குப் பக்கத்தில் நின்றது.

"மரம் எகிறிக் குதிச்சி அங்க வந்தா இடிச்சுது?" என்றாள் நாகம்மா.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அப்பனும் பாட்டனும் அந்த மரத்தின் முன்னால்தான் வாழ்ந்து முடிந்தார்கள். அது உடம்பில் எங்கே படும் என்று எங்களில் ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. ஆனால் அலமேலு அழுதாளே தவிர அசையவில்லை. "புரியுது நாகம்மா. ஆனா பொண்ணு கல்யாணம்" என்றாள். அதே பேச்சை மறுபடி மறுபடி சொன்னாள்.

நாகம்மா தறி ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "சரி. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் திரும்பி வந்துடுச்சி."

எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

"இன்னா முழிக்கறீங்க? எனக்கு வலது பக்கம் வந்துடுச்சி. வேலூருல சேரணும். எங்க மாமியாரு நடமாட முடியாதவங்க. துணைக்கு அண்ணி வராங்க. ஊரு என்னைப் பத்தி பேசட்டும். எம்பேரு ஏற்கெனவே கெட்டுதானே கீது, இன்னொரு தபா கெட்டா இன்னா கொறைஞ்சிடும்?"

"நாகம்மா, இப்படிப் பொய் சொல்லி அது பலிச்சிடப் போவுது" என்றாள் அலமேலு. ஒரு கண்டத்தைத் தாண்டி வந்தவள், அதே கண்டத்தின் பெயரைத் தன் வாயாலேயே தன் மேல் போட்டுக்கொள்வதா? நாகம்மா சிரித்தாள். "சொன்னா வர்ற நோயா இருந்தா, சொல்லாம இருக்கறவளுக்கு வரக்கூடாது இல்ல? நாளைக்கு முதல் பஸ்ஸு அண்ணி. ஜல்தியா கிளம்புங்க."

அப்படித்தான் போனார்கள். டாக்டரம்மாவும் நேரத்தோடு வந்துவிட்டதாகத்தான் சொன்னார், ஆனால் ஆவணி வரைக்கும் இருக்க முடியாது என்றார். அலமேலுவுக்கு ஆபரேஷன் நடந்தது, கரண்ட் வைத்தார்கள். அத்தனை வாரமும் நாகம்மா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தாள். ஆரணியில் தெருவே நாகம்மாவுக்காக அழுதது. ஏகாம்பரம்தான் பேஜார் பண்ணினான். பெண்டாட்டி நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்ததால் அவனுக்குத் துக்கம் வரவில்லை. ஹோட்டலில் உட்கார்ந்து நிம்மதியாக நாஸ்தா சாப்பிட்டதைப் பார்த்து, "கல் நெஞ்சுக்காரன்" என்று தெருவே ஏசியது. நான் வேலூர் போனபோது இதைச் சொன்னேன். நாகம்மா, "மூஞ்சிய கொஞ்சம் தொங்கப் போட்டுகினு இருக்கச் சொல்லுங்கண்ணே. அதைக்கூட நான் வந்துதான் செய்யணுமா?" என்றாள். கட்டிலில் கிடந்த அலமேலு தையல் வலிக்கிறது என்று கத்தினாள். சிரித்ததால் வந்த வலி.

ஆடியில் திரும்பினார்கள், அலமேலுவின் ஜாக்கெட்டுக்குள்ளும் ஒரு பட்டுக் கழிவுப் பை. நாகம்மா பிழைக்க வேண்டும் என்று தெருப் பெண்கள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கூழ் ஊற்றினார்கள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணிக்கு ரெண்டு சொம்பு ஊத்துங்கடி. எங்கூட இருந்து பாதியா இளைச்சிட்டாங்க." அலமேலு அந்தக் கூழைக் குடிக்க முடியாமல் குடித்ததை நான் பார்த்தேன். கை தூக்குகிற பயிற்சிக்கு அலமேலு தினமும் நாகம்மா வீட்டுக் கொல்லைக்குப் போவாள். சுவரில் விரல்களால் ஏற வேண்டும், தினமும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் உயரம். மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து சத்தம் வரும்: "இன்னும் மேல அண்ணி. ஆவணியில மருமகப்பிள்ளைக்கு ஆரத்தி சுத்தணும். இந்தக் கையால இப்ப சுத்தினா அவரு தொப்புளுக்குத்தான் சுத்துவீங்க."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அலமேலு ஆரத்தி சுற்றினாள். தெள்ளார்க்காரர்கள் நாகம்மாவைப் பார்த்துத்தான், "பாவம், ரெண்டு தபா வந்துச்சாமே" என்று விலகி நின்றார்கள். ஒரு கிழவி அவள் கொடுத்த சந்தனத்தை வாங்கவில்லை. நாகம்மா சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனாள்.

இதற்கு அவள் வேறு ஒரு விலையும் கொடுத்தாள். "பாத்தியா, அறுத்தும் திரும்பி வந்துடுச்சி, எதுக்கு அறுக்கணும்?" என்று சில பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் பேச்சையே அவள் பொய் அழித்துவிடும் போல இருந்தது. அலமேலு துடித்தாள், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள். "சின்னவளுக்கும் ஆவட்டும் அண்ணி" என்று நாகம்மா தடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு தட்டிக்குப் பின்னால் யாரையும் கூட்டிப் போய்த் தழும்பைக் காட்ட அவளால் முடியவில்லை. வலது பக்கம் முழுசாக இருந்ததே. அதனால் வாயாலேயே வேலை பார்த்தாள். பயப்படுகிறவளிடம், "ரெண்டாந்தபா வந்ததையே ஜல்தியா போயி அனுப்பிட்டு வந்தேன். உனக்கு மொத தபாவுக்கே பயமா?" என்பாள். அந்த வாயிடம் எந்தப் பயம் நிற்கும்? அவள் அதட்டி பஸ் ஏற்றிவிட்ட பெண்கள் இன்று இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பெயரை நான் சொல்லப் போவதில்லை.

சின்னவளுக்கும் கல்யாணம் ஆனது. சொல்லிவிடலாம் என்று அலமேலு போனால், "இப்ப இன்னா அவசரம், எனக்கு இந்தப் பேரு பழகிடுச்சி" என்பாள் நாகம்மா. அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

அன்று தெள்ளாரில் இருந்து நாங்கள் வந்து சேர்ந்தபோது, சுமங்கலியாகப் போனவளை மஞ்சள் பூசிக் குளிப்பாட்டத் தட்டி கட்டியிருந்தார்கள். அலமேலு உள்ளே போனாள். மகள் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ஏகாம்பரமும் நானும் தட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் திடீரென்று நின்றது.

"இன்னாடி இது?" என்று ஒரு கிழவியின் குரல். "வலது பக்கம் அப்படியே கீது. ரெண்டாவது ஆபரேஷன் எங்க?"

பிறகு அலமேலுவின் குரல் கேட்டது.

"அது எங்கிட்ட கீது."

குடம் தரையில் வைக்கப்படும் ஓசை வந்தது. மகளாகத்தான் இருக்கும். யார் கல்யாணத்துக்காக நடந்தது என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அலமேலு எல்லாவற்றையும் சொன்னாள், சத்தமாக, தெரு முழுக்கக் கேட்கும்படி. ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்லி முடித்ததும் அந்தக் கிழவி கேட்டாள்: "அப்ப நாங்க இவளுக்காக வேண்டிகினு ஊத்துன கூழு?"

"எனக்குத்தான் வந்து சேந்துது" என்றாள் அலமேலு. "நல்லா வேலை செஞ்சுது. தண்ணி ஊத்துங்க, மஞ்சள் காயுது."

நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். கோயில் கட்டினவர்கள், சத்திரம் கட்டினவர்கள். கல்லில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் படிக்கத் தெரியாது. தன் மேல் வராத நோயைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, சந்தனம்கூட வாங்காதவர்கள் நடுவில் சிரித்துக்கொண்டு நடந்தவளை நான் ஒருத்தியைத்தான் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தினமும் பார்த்தேன். இருந்தும் அவள் எவ்வளவு உயரம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நாகம்மா, எனக்கு என்ன விட்டுப் போயிருக்கிறாய் என்று கேட்டால் சொல்கிறேன். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியில் இருந்து ஒரு குரல் வருகிறது. சோறு ஆறுகிறதாம், எழுதுகிற தம்பியைப் பட்டினி போடுகிறேனாம், ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு என்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது என்று அலமேலு திட்டுகிறாள். அந்தத் திட்டுதான், தங்கச்சி. ஒரு நாளும் தவறாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.